பதினாறு நாட்கள், ஐந்து மலைகள்: எங்கள் ஸ்கீ பயணத்துக்கான ஏற்பாடுகள்

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு நாங்கள் நால்வரும் ஏழே நாட்களில் ஐந்து பனிச்சறுக்கு மலைகளுக்குப் போய்விடுவது என்று திட்டமிட்டுக் கிளம்பினோம். ஐந்தாம் நாள் காலையில் கனடாவின் கூட்டனே கணவாய்க்குக் கீழே, மூடிக் கிடந்த தடுப்புக் கதவுக்கு முன்னால், லாரிகளும் கார்களும் நின்ற நீண்ட வரிசையில் நாங்களும் பல மணி நேரம் நின்றோம். அன்றிரவு தங்க வேண்டிய அறை இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அந்தப் பதிவை ரத்து செய்யவும் வழியில்லை. ஒருவர் திரும்பிப் போகலாம் என்றார், இன்னொருவர் காத்திருக்கலாம் என்றார், மூன்றாமவர் ஜன்னலைப் பார்த்தபடி பேசாமலேயே இருந்தார். எந்தப் பனிக்காக ஓராண்டு காத்திருந்தோமோ அதே பனி கண்ணாடியின் மேல் கனமாகப் படிந்துகொண்டிருக்க, வண்டிக்குள் எல்லோருக்கும் எல்லோர் மேலும் கோபம். சாலையை மூடியவர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். எங்கள் நாட்காட்டியில்தான் மூச்சு விட ஒரு நாள்கூட இல்லை.

வரும் பிப்ரவரியில் அதே பாதையில் மறுபடியும் போகிறோம். இம்முறை மலைகள் அதே ஐந்துதான், நாட்கள் பதினாறு. அவற்றில் ஒன்பது நாட்கள் மட்டுமே சறுக்குவதற்கு. ஐந்து நாட்கள் சாலைக்கு. மீதி இரண்டும் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டவை. இந்த இரண்டு நாட்களுக்காக நான் நண்பர்களிடம் வாதாடியது கொஞ்சநஞ்சமல்ல. விடுப்பு எடுத்து, இவ்வளவு தூரம் வந்து, பனிமலையின் காலடியில் சும்மா உட்கார்ந்திருப்பதா என்று கேட்டார்கள். நெடிய ஸ்கீ பயணத்துக்கு முதலில் போட வேண்டிய முதலீடு அந்தச் சும்மா இருக்கும் நாட்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தென்கிழக்கில் கோல்டன், ரெவல்ஸ்டோக், நெல்சன், ராஸ்லாண்ட், ஃபெர்னி ஆகிய சிற்றூர்களை இணைத்துச் செல்லும் வளையத்தைச் சறுக்கு விரும்பிகள் ‘பவுடர் ஹைவே’ என்று அழைக்கிறார்கள். அண்டை மாகாணமான ஆல்பர்ட்டாவின் கால்கரியில் இறங்கி, வாடகை வண்டி எடுத்து, மேற்கே கோல்டன் வழியாக உள்ளே நுழைந்து, தெற்கே இறங்கி, கிழக்கே ஃபெர்னி வழியாக வெளியேறினால் மொத்தம் சுமார் 1,400 கிலோமீட்டர் வரும். நெல்சனுக்கு அருகில் காசல்காரில் விமான நிலையம் இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். குளிர்காலத்தில் மேகம் தாழ்ந்து விமானங்கள் ரத்தாவதற்குப் பெயர்போன இடம் அது என்பதால் அந்த யோசனையை அப்போதே விட்டுவிட்டோம்.

இந்த வளையத்தில் என்னை மிகவும் ஈர்ப்பதும், மிகவும் கவனமாக இருக்கச் சொல்வதும் கோல்டனுக்கும் ரெவல்ஸ்டோக்குக்கும் இடைப்பட்ட 150 கிலோமீட்டர்தான். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று செல்கர்க் மலைத்தொடரில் மோதி மேலெழும்போது தன் சுமையை அங்கே இறக்கி வைத்துவிடுகிறது. ரோஜர்ஸ் கணவாயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் பனி விழுவதற்கு அதுவே காரணம். ரெவல்ஸ்டோக் மலையில் நாம் தேடிப் போகும் ஆழமான பனியும் வழியில் சாலையை மூடும் பனிச்சரிவும் ஒரே மேகத்திலிருந்து வருபவை. 1910 மார்ச் 4 அன்று இதே கணவாயில், முந்தைய சரிவு ஒன்றால் மூடப்பட்ட ரயில் பாதையை இரவில் சுத்தம் செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் மீது எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு விழுந்து 58 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானியர்கள். அதன் பிறகு ரயில் நிறுவனம் கணவாயின் மேல் ஓடிய பாதையையே கைவிட்டு, மலையைக் குடைந்து கானாட் சுரங்கப்பாதையை அமைத்து 1916இல் திறந்தது. 1962இல் திறக்கப்பட்ட நெடுஞ்சாலையோ இன்றும் கணவாயின் மேலாகவே போகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட சரிவுத்தடங்கள் அதை நோக்கி இறங்குகின்றன. பனி அபாயகரமாகச் சேர்ந்ததும் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, கனடிய ராணுவத்தின் பீரங்கிப் படையினர் 105 மில்லிமீட்டர் ஹோவிட்சர்களால் சரிவுகளின் உச்சியைச் சுட்டு, பனியைத் தாங்கள் நினைத்த நேரத்தில் இறங்க வைக்கிறார்கள். ஆகவே இங்கே சாலை மூடுவதை விபத்தாகவோ நிர்வாகக் கோளாறாகவோ எண்ணக் கூடாது. அது அன்றாடப் பராமரிப்பு. அதற்கு நாட்காட்டியில் இடம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

அதனால் கோல்டனில் இரண்டு நாள் சறுக்கிய பின் ரெவல்ஸ்டோக்குக்குப் போகும் தூரம் குறைவே என்றாலும், அதற்கென ஒரு முழு நாளைக் கொடுத்திருக்கிறோம். ரெவல்ஸ்டோக்கில் மூன்று நாள் சறுக்கல், ஒரு நாள் காலி. வட அமெரிக்காவின் ஸ்கீ தலங்களிலேயே மிக அதிகமான 1,713 மீட்டர் செங்குத்து இறக்கம் கொண்ட மலை அது. உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே மூச்சில் இறங்கினால் தொடை நடுங்கும். முதல் நாளின் உற்சாகத்தில் அதை நான்கு முறை செய்துவிட்டு மறுநாள் படிக்கட்டு ஏற முடியாமல் தவித்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். காலி நாள் எந்தத் தேதியில் என்பதை இப்போதே முடிவு செய்யவில்லை. பனி கொட்டினால் அதைத் தள்ளிப் போடுவோம், கால்கள் கெஞ்சினால் முன்னுக்குக் கொண்டுவருவோம்.

அங்கிருந்து நெல்சனுக்குப் போகும் நாள் பயணத்திலேயே அழகான நாள். 23ஆம் எண் நெடுஞ்சாலை ஏரிக்கரையில் முடிந்துவிட, வண்டியோடு படகில் ஏறி மேல் ஆரோ ஏரியைக் கடக்க வேண்டும். படகுக்குக் கட்டணம் கிடையாது. சுமார் இருபது நிமிடப் பயணம். அக்கரையில் நகஸ்ப் ஊரை ஒட்டி வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன, நின்று குளித்துவிட்டுத்தான் போவோம். நெல்சனில் தங்கிக்கொண்டு அருகிலுள்ள வைட்வாட்டர் மலையில் ஒரு நாள், ராஸ்லாண்டின் ரெட் மலையில் ஒரு நாள், காலியாக ஒரு நாள். ராஸ்லாண்ட் சின்னஞ்சிறு ஊர்தான். ஆனால் 1968இல் கிரெனோபிள் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நான்சி கிரீனும், 1992இல் ஆல்பர்ட்வில்லில் தங்கம் வென்ற கெரின் லீ-கார்ட்னரும் சறுக்கி வளர்ந்த மலை அது. அந்த மலையில் ஒரு முறையாவது இறங்க வேண்டும் என்பது எங்கள் தோழி ஒருவரின் நெடுநாள் ஆசை.

நெல்சனிலிருந்து ஃபெர்னிக்குச் சுமார் 330 கிலோமீட்டர். நடுவே 1,775 மீட்டர் உயரத்தில் நிற்கிறது எங்களை அன்று தடுத்து நிறுத்திய அதே கூட்டனே கணவாய். அன்று எங்களுக்குத் தெரியாதிருந்த ஒன்று இப்போது தெரியும்: பால்ஃபோரிலிருந்து இன்னொரு இலவசப் படகு கூட்டனே ஏரியை முப்பத்தைந்து நிமிடத்தில் கடக்கிறது, அக்கரையில் 3ஏ சாலையைப் பிடித்து ஏரியோரமாகவே தெற்கே போனால் கணவாயைத் தொடாமல் கிரெஸ்டனை அடைந்துவிடலாம். வளைவுகள் மிகுந்த, மெதுவான சாலைதான். ஆனாலும் மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல். கிளம்பும் முந்தைய இரவும் அன்று காலையும் சாலை நிலவரம் சொல்லும் மாகாண அரசின் ‘டிரைவ் பிசி’ தளத்தைப் பார்ப்பது ஒருவருடைய பொறுப்பு; அவர் சொல்லும் பாதைதான் அன்றைய பாதை.

தேதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டிசம்பரில் பகல் குறைவு, அடிப்பனியும் இன்னும் கெட்டிப்படாமல் இருக்கலாம். பிப்ரவரியின் மூன்றாம் திங்கட்கிழமை இரு மாகாணங்களுக்கும் விடுமுறை. எல்லையின் தெற்கே அமெரிக்காவிலும் அன்றே விடுமுறை. அந்த வார இறுதிக்கு முன்பே முடியும்படி வைத்துக்கொண்டோம். எல்லா மலைகளுக்கும் செல்லும் ஒரே சீசன் பாஸ் கிடையாது என்பதால், எந்தப் பாஸ் எத்தனை மலைகளுக்குப் பொருந்துகிறது என்று கணக்குப் பார்க்க ஒரு மாலை முழுவதும் போயிற்று.

டயரைப் பற்றி மட்டும் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஆல்பர்ட்டாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. கால்கரியில் எடுக்கும் வாடகை வண்டி எல்லாப் பருவத்துக்குமான சாதாரண டயருடன் வந்து நிற்பதற்கு இதுவே காரணம். போன முறை நாங்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தும், வாடகை நிறுவனத்தின் முகப்பில் இருந்தவர் டயரில் எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்துகளைக் காட்டி இதுவே போதும் என்றார். டயரின் வரிப்பள்ளம் 3.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் சட்டத்துக்கு அது போதும்தான். ஆனால் ஏழு டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். பனி அழுந்தி மெருகேறிய இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது வண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்த அந்த இரண்டு விநாடிகளை நான் மறக்கவில்லை. இம்முறை, மூன்று சிகரங்களுக்குள் பனித்துகள் பொறித்த, அசல் குளிர்கால டயருக்கான அடையாளம் டயரின் பக்கவாட்டில் இருப்பதைக் கையால் தடவிப் பார்க்காமல் சாவியை வாங்க மாட்டோம். அது கிடைக்காவிட்டால் வேறு வண்டி தேட நேரம் வேண்டும் என்பதால், முதல் நாள் காலை விமானத்தில் இறங்குகிறோம்.

ஒரே வண்டியில் நான்கு பேர், நான்கு ஜோடி ஸ்கீ, நான்கு ஜோடி பூட்ஸ். ஸ்கீகள் கூரைப் பெட்டிக்குள் போகட்டும்; 180 சென்டிமீட்டர் ஸ்கீ உள்ளே படுக்குமா என்பதைப் பெட்டியின் வெளி நீளத்தை வைத்துக் கணிக்கக் கூடாது, உள் அளவைக் குறுக்காக அளந்து பார்க்க வேண்டும். பூட்ஸை மட்டும் கூரையில் வைக்கவே கூடாது. இரவு முழுவதும் குளிரில் உறைந்த பிளாஸ்டிக் ஓடு கல்லைப் போல விறைத்து நிற்கும். அதைக் கால் நுழையும் அளவுக்கு விரிக்க முயன்று, வண்டி நிறுத்துமிடத்தில் ஒற்றைக் காலில் நின்றபடி கண் கலங்கிய தோழியை நான் பார்த்திருக்கிறேன். சறுக்கி முடித்த அன்றே உள்ளுறையை ஓட்டிலிருந்து உருவி, பூட்ஸின் நாக்குப் பட்டையை வெளியே இழுத்து, வெதுவெதுப்பான காற்று படும் இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். ஹீட்டரின் மேலேயே வைத்தால் உள்ளிருக்கும் நுரை கெட்டுவிடும். காலையில் வண்டியில் முன்னிருக்கையின் காலடியில் சூட்டுக்காற்று வருமிடம் பூட்ஸுக்கே உரியது. அங்கே உட்காருபவர் காலை மடக்கிக்கொள்ளத்தான் வேண்டும், தினமும் ஒருவர் முறை வைத்து.

சறுக்கும் திறனில் நாங்கள் சமமானவர்கள் அல்லர். இருவர் எதிலும் இறங்குவார்கள், நான் நடுத்தரம், தோழி கற்றுக்கொண்டு மூன்று பருவங்களே ஆகின்றன. நாள் முழுவதும் ஒன்றாகவே சறுக்குவது என்று பிடிவாதம் பிடித்தால் வேகமானவருக்கு எரிச்சலும் மெதுவானவருக்குக் குற்றவுணர்வும்தான் மிஞ்சும். காலையில் இரண்டு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து, பிறகு இருவர் இருவராகப் பிரிவது என்று வைத்திருக்கிறோம். தனியாக யாரும் போவதில்லை, குறிப்பாக மரங்களுக்கிடையே. பசுமை மாறா மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் பனி இறுகாமல் குழியாக நிற்கும். தலைகீழாக விழுந்தவர் தானாக மீள்வது மிகக் கடினம். ஆகவே துணைக்கு வருபவர் கண்ணில் படும் தூரத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். நால்வரின் கழுத்துப்பட்டியிலும் ஒரு விசில். தலத்தின் எல்லைக் கயிற்றைத் தாண்டி ஒருவரும் போவதில்லை. பனிச்சரிவு எச்சரிக்கை அமைப்பான ‘அவலாஞ்ச் கனடா’ நாள்தோறும் வெளியிடும் ஐந்து படிநிலை அபாய அறிவிப்பை நாங்கள் படிப்போம். ஆனால் படிப்பது வேறு, பனியில் நின்று தீர்மானிப்பது வேறு. பனிச்சரிவுப் பாதுகாப்புக்கான இரண்டு நாள் அடிப்படைப் பயிற்சியை நால்வரும் முடிக்கும் வரை கயிற்றுக்கு இப்பால்தான்.

நிறைய பேசி ஏற்றுக்கொண்ட இன்னொன்றும் உண்டு. சாலையிலோ மலையிலோ யாராவது ஒருவர் வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் மற்ற மூவரும் நிற்க வேண்டும். போன முறை ஜன்னலைப் பார்த்தபடி பேசாமல் இருந்தாரே, அவர் பயந்துபோயிருந்தார் என்பதை ஆறு மாதங்கள் கழித்துத்தான் எங்களிடம் சொன்னார். இந்த விதியைக் கொண்டுவந்ததும் அவர்தான். கால்கரியிலிருந்து முதல் நாள் வண்டியை ஓட்டப்போவதும் அவர்தான். அறைகளை எல்லாம் அக்டோபருக்குள் பதிவு செய்துவிட வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் அதை ரத்து செய்யக் கூடிய கடைசித் தேதியை அவரே சிவப்பு மையில் குறித்துக்கொண்டு வருகிறார்.