இருபதாம் தேதியும் லித்தியமும்

தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மனநிலை ஒருகாலம் சோர்விலும் ஒருகாலம் மேனியா என்ற அதீத உற்சாகத்திலும் மாறிமாறிப் போகும் பைபோலார் நோய் எனக்கு. எங்களைப் போன்றவர்களுக்குத் தன்னம்பிக்கை குறைந்தாலும் நோய், கூடினாலும் நோய். மனச்சோர்வில் கிடக்கும்போது ஒரு பில்லைப் பதிவு செய்யக்கூடக் கை எழாது. மேனியாவில் ஏறிவிட்டாலோ ஊரிலேயே நான்தான் கெட்டிக்காரி. அப்படி ஒரு ஏற்றத்தில், சி.ஏ. கோச்சிங், ஜெர்மன் வகுப்பு, ஷேர் மார்க்கெட் பயிற்சி எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் பணம் கட்டியிருக்கிறேன். தூக்கம் மூன்று மணி நேரம்தான், ஆனால் களைப்பே கிடையாது. இறக்கம் வந்தபோது அந்த ஜெர்மன் புத்தகத்தின் அட்டையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஆகவே இப்போது வேலை நன்றாகப் போகிறது, மேலே படிக்கலாம் என்று தோன்றும்போது, என்னால் முடியுமா என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வருகிறது. முதல் கேள்வி, ஆசைப்படுவது நானா, நோயா?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பி.காம். முடித்து இதற்கு முன் நல்ல வேலை ஒன்றில் இருந்து, நோயால் அது போய், வீட்டில் கிடந்து, அப்புறம் இங்கே டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். படிப்புக்குக் குறைந்த வேலை என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு அப்போது அதுவே மலையாக இருந்தது.

பனியன் தொழிலில் ஒரு டி-ஷர்ட் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது என்பது வெளியே தெரியாது. நூல் ஒருவர், நிட்டிங் ஒருவர், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு யூனிட். எல்லா இடத்திலிருந்தும் பில் வரும், டெலிவரி சலான் வரும். சனிக்கிழமை ஆனால் வாரச் சம்பளம். ஜி.எஸ்.டி. வரிக்கு, பதினொன்றாம் தேதி விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1, பதினான்காம் தேதி 2பி பட்டியல் வந்துவிடும், இருபதாம் தேதிக்குள் வரி கட்டும் 3பி போட்டாக வேண்டும். சலிப்பான வேலை என்பார்கள். மாதம் முழுக்க எந்த நாளில் என்ன என்று முன்கூட்டியே தெரிவது என்னைப் போன்ற ஆளுக்கு எவ்வளவு பெரிய கைப்பிடி என்பது அவர்களுக்குத் தெரியாது.

நம்பிக்கை வந்தது ஒரு டையிங் பில்லில். 2பி என்பது நமக்குச் சரக்கோ சேவையோ தந்தவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல். அதில் பில் வந்தால்தான் அந்த வரியை நாம் கழித்துக்கொள்ள முடியும். ஒரு டையிங் யூனிட்டின் பில்கள் மட்டும் மாதாமாதம் வரவில்லை. கேட்டால் அங்கே இருக்கும் பையன், "ஏத்திட்டோம்ங்க்கா, நல்லா பாருங்க" என்றே சொல்வான். ஒருநாள், "சரி தம்பி, எந்த நம்பர்ல ஏத்துனீங்கன்னு ஒவ்வொரு எழுத்தா வாசிங்க" என்றேன். பதினைந்து எழுத்து எண். 33 என்ற தமிழ்நாட்டுக் குறியீடு சரி. அடுத்துவரும் பான் எண்ணில் இடித்தது. எங்கள் முதலாளியின் தம்பி தனியாக நடத்தும் கம்பெனியின் எண்ணில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கம்பெனிக்கும் பெயரில் முக்கால்வாசி ஒன்று.

யாரும் கைதட்டவில்லை. எங்கள் சீனியர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இனிமே 2பி-ய நீயே பாத்துக்க கண்ணு" என்றார், அவ்வளவுதான். அன்று இரவு பத்தரைக்கெல்லாம் தூங்கிவிட்டேன். அதைத்தான் நான் கவனித்தேன். மேனியா தரும் நம்பிக்கை தூங்க விடாது, அடுத்த பத்துத் திட்டத்தைக் கையில் திணிக்கும். இது காலையில் எழுந்தபோதும் அதே அளவில்தான் இருந்தது.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சாப்பிடுவது லித்தியம் என்ற உலோகத்தின் உப்பு. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மேனியாவுக்குப் பயன்படுவதாக எழுதியதிலிருந்து இன்றுவரை அதை விலக்கிவைக்க முடியவில்லை. ஆனால் அளவு கறார். ரத்தத்தில் லிட்டருக்குப் பெரும்பாலும் 0.6-லிருந்து 1.0 மில்லிமோலுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, ரொம்பக் கூடினால் நஞ்சு. இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். கூடவே தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சோதனைகள். ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் ஆபீஸ் தகரக் கூரையின் கீழ் வியர்த்து ஊற்றும்போது உடம்பில் தண்ணீர் வற்றினால் லித்தியம் அளவு ஏறிவிடும். தலைவலிக்கு நினைத்த மாத்திரையை வாங்கிப் போட முடியாது. ஐபுப்ரோஃபென் வகை வலிமாத்திரைகளும் அளவை ஏற்றிவிடும். இரண்டு லிட்டர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு பேக்கிங் பிரிவுப் பெண்கள் வைத்த பெயர் தண்ணி லாரி. கை லேசாக நடுங்கும். செக் எழுதும் வேலையை மட்டும் பக்கத்து மேஜைக்கு மாற்றிக்கொண்டேன்.

நோயைப் பற்றித் தெரிந்தவர் ஆபீஸில் சீனியர் ஒருவர்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் உண்டு, 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வேறு வந்தது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் எட்டுப் பேர் உட்காரும் கணக்கு ரூமில் சட்டப் பிரிவைச் சொல்லி எதையும் வாங்க முடியாது. "சார், ராத்திரி மட்டும் நிக்கச் சொல்லாதீங்க, காலையில ஏழு மணிக்கு வேணாலும் வந்துடறேன்" என்றேன். காரணம் கேட்டார், சொன்னேன். தீபாவளி போனஸ் கணக்கின்போதுகூட என்னை ஏழரைக்கு அனுப்பிவிடுகிறார். எல்லோருக்கும் இப்படி ஒருவர் வாய்க்கமாட்டார் என்பதால், ஆபீஸில் சொல்லிவிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

படிப்புப் பேச்சை எடுத்தவர் ஆடிட்டர். "ஏம்மா, சி.எம்.ஏ. இன்டர் எழுதலாமே, டிகிரி இருக்கறதால ஃபவுண்டேஷன்கூட வேண்டாமே" என்றார். சி.எம்.ஏ. என்பது காஸ்ட் அக்கவுண்டிங், அதாவது உற்பத்திச் செலவுக் கணக்குக்கான தொழில்முறைப் படிப்பு; ஃபவுண்டேஷன் முதல் கட்டம், இன்டர் அடுத்தது. இன்டரில் இரண்டு குரூப், குரூப்புக்கு நான்கு தாள், தாளுக்கு மூன்று மணி நேரம். தாளுக்கு நாற்பது, குரூப்புக்கு மொத்தத்தில் ஐம்பது சதவீதம் எடுக்க வேண்டும். முதல் குரூப்பில் இருக்கும் ஜி.எஸ்.டி. என் தினசரிச் சோறு. ஒவ்வொரு குரூப்பாகவும் எழுதலாம் என்பதுதான் என்னை இழுத்தது.

உடனே பணம் கட்டவில்லை. டாக்டரிடம் சொன்னதற்கு, "அடுத்த ரிவியூவுக்கு வரும்போதும் ஆசை இதே அளவுல இருந்தா பேசலாம்" என்றார். நடுவில் ஒரு மந்தமான மாதம் வந்தது. ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை, ஆனாலும் இன்ஸ்டிடியூட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தை அன்றாடம் இரண்டு பக்கம் படிக்க முடிந்தது. மேனியாவின் ஆசையாக இருந்தால் அந்த மாதத்தில் செத்துப்போயிருக்கும்.

தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஜூன் எனக்கு ஆகாது. மார்ச் கணக்கு முடிப்பு, அதன் பின்னாலேயே வெயில். டிசம்பர் என்றால் தீபாவளி தாண்டிவிடும். விடிய விடியக் கண்விழித்துப் படித்ததைப் பெருமையாகச் சொல்லும் ஊர் இது. எனக்கு இரண்டு ராத்திரி விழித்தால் போதும், பரீட்சை ஹாலுக்குப் பதில் ஆஸ்பத்திரியில் இருப்பேன். காலை ஆறிலிருந்து ஏழு, ஞாயிறு மதியம் வரை. அதற்குள் முடிகிற அளவுதான் படிப்பு.

அக்காவுக்கு இதில் சம்மதமில்லை. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.காம். படி, இரண்டு வருஷப் படிப்பு, நான்கு வருஷம் வரை இழுக்கலாம், யாரும் துரத்தமாட்டார்கள் என்கிறாள். நான் நல்ல நிலையில் இல்லாத காலத்தில் என் ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொண்டவள் அவள்தான். இன்றும் ஐயாயிரத்துக்கு மேல் எந்தச் செலவென்றாலும் அவளிடம் சொல்லி இரண்டு ராத்திரி தூங்கி எழுந்துதான் செய்ய வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். சி.எம்.ஏ. கட்டணத்தைச் சொல்லிவிட்டேன். இரண்டு ராத்திரியும் ஆகிவிட்டது. "எம்.காம். படிச்சா எவன் சம்பளம் ஏத்துவான்?" என்று நானும், "சம்பளத்த விடுடி, ஃபெயிலானா தாங்குவியா?" என்று அவளும் நேற்றுக்கூடச் சாப்பாட்டுத் தட்டின் முன் மோதிக்கொண்டோம். இந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானும் பேச்சுக்கு வருகிறாராம்.