மூன்றிலிருந்து கடன்: ராஜ்மகால் மலையில் ஒரு மழைக்காலமும் அறுவடையும்

ஜூலை 9, 2019

விடியற்காலையிலிருந்து மழை. கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. இரண்டு இடத்துக்குப் பாத்திரம் இருந்தது, மூன்றாவதற்கு அரிசிப் பானையைக் காலி செய்து வைத்தேன்.

வகுப்பறை என்று, எங்கள் மிஷனரி ஊழியத்தைத் தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் ஜெபக்கடிதத்தில் எழுதினால் வாசிப்பவர்கள் பெஞ்சும் கரும்பலகையும் நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது குடியிருக்கும் மண் வீட்டின் திண்ணைதான். சாரல் அடித்தால் பிள்ளைகள் உள்ளே வந்துவிடுவார்கள். அடுப்புக்கு இந்தப் பக்கம் எழுத்து தெரியாதவர்கள், அந்தப் பக்கம் கொஞ்சம் தெரிந்தவர்கள். புகை இரண்டு பக்கத்துக்கும் பொது.

ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் இருக்கிறோம். வண்டி நிற்கும் சாலையிலிருந்து ஏழு கிலோமீட்டர் ஏற்றம். ஊற்றுக்கு இறங்க இருபது நிமிடம், குடத்தோடு ஏற நாற்பது. இன்று இவர் (என் கணவர்) போனார், இரண்டு தடவை வழுக்கினார், அரைக் குடம் வந்து சேர்ந்தது. சிக்னல் ஊருக்கு மேலே உள்ள பாறையில் மட்டும்தான் கிடைக்கும். அதனால் நான்கைந்து நாள் எழுதியதை மொத்தமாகத்தான் பதிவிட முடிகிறது.

ஜூலை 13

இன்று ஒரு அவமானம். "நாம் ஊற்றுக்குப் போவோம், வாருங்கள்" என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு எழுந்து நடந்தேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் ஒரு பிள்ளையும் எழவில்லை. நான் சொன்னது "ஏம்". அதாவது நாங்கள் போகிறோம், நீங்கள் இருங்கள்.

இந்த மலையின் பஹாடியாப் பழங்குடியினர் பேசும் மால்தோ மொழியில் கேட்பவரையும் சேர்த்தால் "நாம்", சேர்க்காவிட்டால் "ஏம்". நம்முடைய நாமும் யாமும் அப்படியே! கங்கைக்கரைப் பக்கத்தில், சந்தாலியும் இந்தியும் வங்காளமும் சூழ்ந்த மலையில் இந்தத் திராவிட மொழி இருக்கிறது. கால்டுவெல் ராஜ்மகால் மொழி என்று ஒப்பிலக்கணத்தில் குறிப்பிட்டது இதைத்தான். தண்ணீர் இவர்களுக்கு "அமு". நம் அகராதியில் அம் என்றால் நீர் என்று இன்னும் இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். கண் என்பது "கனு", ஆனால் க தொண்டைக்குள்ளிருந்து வரவேண்டும். எனக்கு வராது, பிள்ளைகளுக்கு அது தினசரி வேடிக்கை.

இத்தனை இருந்தும் ஏன் தடுமாறினேன்? இந்தி வழியாக மால்தோ கற்றதுதான் காரணம். இந்தியில் "ஹம்" ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிய கதை. இனி தமிழிலிருந்தே கற்கிறேன் என்று இவரிடம் சொன்னேன். பதினான்கு மாதம் கழித்து வந்த ஞானம் என்றார்.

ஜூலை 27

இவருக்கு மலேரியா. நேற்று மாலை ஆரம்பித்த நடுக்கம், இரண்டு கம்பளி போதவில்லை. சஹியா அக்கா (இந்த மாநிலத்தில் ஆஷா பணியாளருக்கு அந்தப் பெயர்) விரலில் குத்திச் சோதனை அட்டையில் பார்த்தார். ஃபால்சிபாரம், மலேரியாவில் ஆபத்தான வகை. மூன்று நாள் மாத்திரை. இங்கே வேலை செய்த பழைய ஊழியர்களில் மூளை மலேரியாவில் போனவர்கள் உண்டு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசவில்லை. கஞ்சி வைத்தேன். இரவெல்லாம் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபம் என்று சொல்லும்படி ஒன்றும் வாயில் வரவில்லை.

ஆகஸ்ட் 2

எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஸ்தோத்திரம். உப்பு கேட்டுச் சண்டை போடுகிறார்.

ஆகஸ்ட் 11

எண் சொல்லிக்கொடுக்கப் போய் நான் கற்றுக்கொண்டது: மால்தோவில் சொந்த எண் இரண்டோடு முடிகிறது. மூன்றிலிருந்து எல்லாம் சமவெளி மொழிகளிலிருந்து வந்தவை. "மூன்றிலிருந்து கடன்" என்று இவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

ஆராதனை முடிந்து ஒரு தகப்பனார் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அதிகம் பேசாத மனிதர். மகள் பாட்டெல்லாம் நன்றாகப் பாடுகிறாள், சரி, தராசைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தீர்களா என்று கேட்டார். அப்போதுதான் என் சிரிப்பு போயிற்று. மலைச்சரிவில் காட்டை எரித்துப் பர்பட்டி போடுகிறார்கள். நம் காராமணிதான். மழைக்கு முன் கையில் காசும் இருக்காது, விதையும் இருக்காது. கீழேயிருந்து மகாஜன், அதாவது கடன் கொடுக்கும் வியாபாரி, இரண்டையும் கொடுப்பார். அறுவடையானதும் அவர் கொண்டுவரும் தராசில், அவர் சொல்லும் விலைக்குப் பயறு இறங்கிப் போகும். எத்தனை வருஷக் கணக்கு என்று கேட்டேன். என் அப்பா காலத்திலிருந்து என்றார்.

ஒரு வருஷமாக நான் இந்தப் பிள்ளைகளுக்கு மாம்பழப் படம் வரைந்து கூட்டல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 22

ஹாட்டில், அதாவது வாரச் சந்தையில், கொக்கித் தராசு ஒன்று வாங்கி வந்தோம். இன்று முழுக்க நிறுவைதான். கல், சிலேட்டுக் கட்டு, சபாய்ப் புல் கயிறு, ஒரு கோழி (கோழிக்குச் சம்மதமில்லை), கடைசியில் துணித்தொட்டிலோடு ஒரு கைக்குழந்தை. தராசு கேட்ட தகப்பனாரின் மகள்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். வெறும் சாக்கை முதலில் நிறுத்து, அதைக் கழிக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் 3

வரிசையில் கடைசியாக உட்காரும் பையன் இருபது நாளாக வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். தேமானோவிடம், அதாவது குறிசொல்லியிடம் போனார்கள், சேவல் கொடுத்தார்கள். நான் போனபோது பையன் வயிறு இடப்பக்கம் கல்லாக இருந்தது. மலேரியா சோதனையில் ஒன்றுமில்லை. சஹியா அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். காலா அசார். மண் சுவரின் வெடிப்பிலும் மாட்டுத் தொழுவ ஈரத்திலும் இருக்கும் மணல் ஈ கடித்து வருவது. மண்ணீரல் வீங்கும், தோல் கறுக்கும், வைத்தியம் இல்லையென்றால் ஆள் தப்புவது அரிது. எங்கள் வீட்டுச் சுவரும் மண்தான்.

கயிற்றுக் கட்டிலை மூங்கிலில் கட்டி நாலு பேர் தோள் மாற்றி இறக்கினார்கள். இவரும் ஒரு தோள். குறிசொல்லி கீழ்ச்சாலை வரை கூடவே வந்தார். அவரைப் பற்றி நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் எனக்கே கூச்சமாக இருந்தது.

செப்டம்பர் 6

சோதனையில் உறுதியானது. முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஊசி. இப்போது ஆம்ஃபோடெரிசின் மருந்தை ஒரே தடவை நரம்பில் ஏற்றி முடித்துவிடுகிறார்கள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சொட்டுச் சொட்டாக மஞ்சள் மருந்து இறங்குவதைப் பையன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

அக்டோபர் 1

மாத அறிக்கை நாள். பிள்ளைகள் எத்தனை, ஆராதனைக்கு வந்தவர்கள் எத்தனை, சந்தித்த கிராமங்கள் எத்தனை. கட்டம் கட்டமாகக் கேட்கிறது படிவம். 23, 17, 4 என்று நிரப்பினேன். அனுப்புகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. எங்கேயோ ஒரு பாட்டி பென்ஷனில் எடுத்துவைத்த காணிக்கை அது, அவருக்குக் கணக்கு தெரியவேண்டாமா?

ஆனால் எண்ணிக்கைக்கு ஒரு ஆபத்து உண்டு. ஆராதனைக்கு வரும் பிள்ளைக்கு மட்டும் நோட்டு கொடுத்தால் 17 சீக்கிரம் 40 ஆகும் என்று ஒரு விருந்தாளி ஊழியர் யோசனை சொன்னார். முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, இவர் அண்ணனுக்கு டீ போடு என்று பேச்சை மாற்றினார். மாநிலத்தில் 2017-இல் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மதச் சுதந்திரச் சட்டம் வந்ததிலிருந்து ஆசை காட்டி அழைத்தோமா என்று கேட்கிறவர்கள் வருகிறார்கள், அடையாள அட்டை பார்க்கிறார்கள். சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. நோட்டுக்காக ஜெபிக்கிற பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

நவம்பர் 19

பர்பட்டி அறுவடை. வகுப்புக்கு நாலு பேர். முதல் வருஷம் இந்த மாதத்தில் அழுதேன், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லித் திட்டும் வாங்கினேன். இந்த வருஷம் சிலேட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானே சரிவுக்குப் போய்விட்டேன். காய் பறிக்கும் கைக்கு வாய் சும்மாதானே இருக்கிறது, வாய்ப்பாடு நடந்தது. மதியம் மக்காச்சோளக் கஞ்சி எனக்கும் ஒரு இலைக் கிண்ணத்தில் வந்தது. கடைசி வரிசைப் பையன் வந்திருந்தான். கன்னத்தில் கொஞ்சம் சதை.

நவம்பர் 28

எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

மகாஜன் வந்தார். ஊர் நடுவில் தராசு கட்டினார்கள். தகப்பனாரின் சாக்கு ஏறியது. பன்னிரண்டு என்றார் மகாஜன். பக்கத்தில் நின்ற மகள் முள்ளைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, பதினான்கு என்றாள். சரியான எண். நானும் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

தகப்பனார் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளி, "பன்னிரண்டு" என்றார். அடுத்த சாக்கு ஏறியது.

இருட்டியபின் திண்ணைக்கு வந்தார். அவள் சரியாகத்தான் படித்தாள், எனக்குத் தெரியும் என்றார். அடுத்த மழைக்கு விதை யார் தருவார் என்று கேட்டார். பதிலுக்காகக் கேட்கவில்லை. நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். இவரும் நானும் வெகுநேரம் விதையைப் பற்றிப் பேசினோம். எல்லோரும் ஆளுக்கொரு படி எடுத்து ஊரிலேயே சேர்த்துவைத்தால் என்ன? எலி, ஈரம், பசி, மூன்றும் இருக்கிறது. அரசாங்கம் பஹாடியாக் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ அரிசி வீடு தேடிக் கொடுக்கும் திட்டம் வைத்திருக்கிறது. அது ஒழுங்காக மலையேறி வரும் மாதங்களிலாவது விதைப் பயறில் கை வைக்காமல் இருக்கலாம். யோசனைதான்.

டிசம்பர் 1

படிவத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை 4. மேலிடத்திலிருந்து கேள்வி வரும், வரட்டும்.

மகளைப் பாறைக்குப் போய்க் கூப்பிட்டேன். ஊழியர் பிள்ளைகள் விடுதியில் இருக்கிறாள், ஒன்பது வயது. ஆறு வயதில் விட்டது. எழுத்தை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, வேறொரு டீச்சர் சொல்லிக்கொடுத்தார். பல் விழுந்ததும் அவருக்குத்தான் முதலில் தெரியும். இது பற்றி ஜெபக்கடிதத்தில் "எங்கள் மகளுக்காக ஜெபியுங்கள்" என்று ஒரு வரி போடுவோம்.

ஏழாம் வாய்ப்பாடு முழுசாகத் தெரியும்மா, சொல்லட்டுமா என்றாள். சொல்லு என்றேன். ஐயேழு முப்பத்தைந்து வரை வந்தது, லைன் போய்விட்டது. போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பாறை முழுக்க நடந்து பார்த்தேன். பனி இறங்க ஆரம்பித்தபின் கீழே வந்தேன்.

நாளை தண்ணீருக்கு இவர் போகட்டும். நான் முதலில் பாறைக்குப் போகவேண்டும். இன்னும் ஐந்து வரி பாக்கி இருக்கிறது.