குறையாத எண்

"இந்த நம்பர் எப்பவாவது குறையுமா அண்ணா?" என்று மீட்டிங்கில் ஜூனியர் பையன் கேட்டான். "நீ எழுதின புரோகிராம் விட்டாத்தானே குறையும்" என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

திரையில் இருந்தது என் கிராஃப். அவன் புரோகிராம் நிமிடத்துக்கு ஒரு முறை, கர்னலிடம், அதாவது ஓஎஸ்ஸின் மையத்திடம், தன் செலவுக் கணக்கைக் கேட்கும் கெட்ஆர்யூசேஜ் சிஸ்டம் காலில் தன்னைத்தானே அளந்து லாகில் எழுதும்படி நான்தான் சேர்த்திருந்தேன். யூசர் நேரம், கர்னல் நேரம், பேஜ் ஃபால்ட், மேக்ஸ் ஆர்எஸ்எஸ். கடைசி எண், அதாவது மெமரி அளவு, படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போனது, ஒரு முறைகூட இறங்கவில்லை. மெமரி லீக், எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் பிடித்துக்கொண்டே போகிறது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அது போதும்.

நான் கவனமில்லாத ஆள் இல்லை. இதே எண்ணை மேக் பைட்டில் தரும், லினக்ஸ் கிலோபைட்டில் தரும். முதல் வாரமே அந்த 1024 மடங்குக் குழப்பத்தைக் கண்டுபிடித்தது நான்தான். அலகைச் சரிபார்த்தேன், எதன் அளவு என்று மட்டும் பார்க்கவில்லை. அது பெயரிலேயே இருக்கிறது, மேக்ஸ். பிராசஸ், அதாவது ஓடும் புரோகிராம், தொடங்கியதிலிருந்து தொட்ட உச்சம் அது, இறங்க வழியே கிடையாது. 2015 வெள்ளம் வடிந்த பிறகும் சென்னையில் வீட்டுச் சுவர்களில் ஒரு கோடு நின்றதே, அதைக் காட்டி இன்னும் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது என்று நான் மீட்டிங்கில் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்து அளவு வேண்டுமென்றால் லினக்ஸ் ஒவ்வொரு பிராசஸுக்கும் தரும் ப்ராக் ஸ்டேட்டஸ் ஃபைலில் விஎம்ஆர்எஸ்எஸ் வரியைப் படித்திருக்க வேண்டும்.

இது தெரிந்தது இரண்டு வாரம் கழித்து, வேறொரு வேலையில். இன்னொரு பிராசஸ் தொடங்கிவிட்ட தம்மாத்துண்டு சைல்டு பிராசஸ் ஒன்று நூற்றுக்கணக்கான எம்பி தின்றதாக இதே மேக்ஸ் எண் காட்டியது. ஏன் என்று கெட்ஆர்யூசேஜின் கையேடான மேன் பேஜைத் திறந்தேன். எக்ஸெக் ஆன பிறகும், அதாவது பிராசஸ் வேறொரு புரோகிராமாக மாறிய பிறகும், பழைய கணக்கு அழியாதாம். பெரிய பிராசஸிலிருந்து ஃபோர்க் ஆகி, அதன் நகலாகப் பிரிந்து வந்தது, அதனால் அதன் உச்சமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இதைப் படிக்கும்போதே அவன் கேள்வி காதில் விழுந்தது.

அதற்குள் அவன் வேலையை முடித்திருந்தான். முழு ஃபைலையும் ஒரேயடியாக ஏற்றாமல் துண்டுதுண்டாகப் படிக்கும்படி மாற்றியதில் உச்சம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அப்படியானால் நான் சொன்னது தப்பா? சோதனை சர்வரான ஸ்டேஜிங்கில் அந்தப் பிராசஸை ஊம் கில்லர், மெமரி தீர்ந்தால் பிராசஸைக் கொல்லும் கர்னல் ஏற்பாடு, ஒரு தடவை அடித்தது நிஜம். அதற்கு உச்சம்தான் கணக்கு, அப்புறம் இறங்கியதா என்று அது காத்திருந்து பார்க்காது. எண் சரி, 'லீக்' என்ற வார்த்தைதான் தப்பு. விஎம்ஆர்எஸ்எஸ்ஸைப் பார்த்திருந்தாலும் குறைந்திருக்காது என்றும் சொல்லிக்கொண்டேன், புரோகிராமுக்கு மெமரி வாங்கித் தரும் மேலாக், ஃப்ரீ செய்த மெமரியை எல்லா நேரமும் கர்னலிடம் திருப்பிக் கொடுத்துவிடாது. இத்தனை சமாதானத்துக்கும் பிறகு ஒருநாள் ராத்திரி பழைய வெர்ஷனை ஓட்டி விஎம்ஆர்எஸ்எஸ்ஸைப் பார்த்தேன். ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது.

மறுநாள் அவன் இடத்துக்குப் போனேன். "அந்த நம்பர் குறையாதுப்பா. நீ கேட்டதுதான் சரி."

"தெரியும்ணா. அன்னிக்கு நைட்டே மேன் பேஜ் பார்த்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"அதான் வேலை முடிஞ்சிடுச்சே."

தலையை ஸ்கிரீனிலிருந்து எடுக்காமல்தான் சொன்னான். கோபமா, நிஜமாகவே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மீட்டிங்கில் சிரித்தவர்களிடமும் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கென்று தனியாக மெயில் போட்டால் ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கியதாக இருக்கும் என்று அப்போது பட்டது. இப்போது அப்படிப் படவில்லை, ஆனாலும் போடவில்லை.

அவன் மாற்றத்தோடு பதிவான குறிப்பில், கமிட் மெசேஜில், 'மெமரி லீக் சரிசெய்யப்பட்டது' என்றுதான் இருக்கிறது. தேதி, அந்த மீட்டிங்குக்கு ஐந்து நாள் கழித்து. எழுதியது அவன்தான்.