ஹவுஸ்கீப்பிங் குறிப்புகள்: ஆகஸ்ட் 2025

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆஸ்பத்திரிகளில் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கிருமிநாசினி) கலக்கும் இடத்தில்தான் தவறு அதிகம். கேனில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், ரத்தம் சிந்திய இடத்துக்கான 1 சதவீதக் கரைசலுக்கு ஒரு லிட்டர் ஹைப்போ, நான்கு லிட்டர் தண்ணீர். மூடிக்கணக்கில் ஊற்றக் கூடாது, அளவுக்குவளை வேண்டும். கேன் வெயிலில் கிடந்தால் குளோரின் குறைந்துவிடும். வாடை இருக்கும், கிருமி சாகாது. வெந்நீரில் கலந்தாலும் இதே கதி. காலையில் கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

ரத்தத்தின் மேல் உறிஞ்சும் பேப்பரைப் போட்டு, கரைசலை ஊற்றி, 10 நிமிடம் விட வேண்டும். பிறகு அள்ளி மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டு, சோப்புத் தண்ணீரால் துடைக்கலாம். "சீக்கிரம் முடிங்க" என்று அவசரப்படுத்தும்போது முதலில் காணாமல் போவது இந்த 10 நிமிடம்தான்.

ஹைப்போ ஊற்றிய கழிவறையில் கறை போகவில்லை என்று மேலே ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். இருமலும் கண்ணெரிச்சலும் வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அதைச் சரிசெய்ய வேறு எதையும் ஊற்றக் கூடாது. பழைய தண்ணீர் பாட்டிலில் லேபிள் இல்லாமல் ஊற்றித் தருவதுதான் இந்த விபத்துக்கு வழி.

ஆகஸ்ட் 7, வியாழன்

தரை பிசுபிசுக்கிறது என்றால் பெரும்பாலும் சோப்பு கூடிவிட்டது. காயும்போது படலமாகப் படிந்து, தூசியைப் பிடிக்கும், வழுக்கும். அளவைக் குறைத்து, வெறும் தண்ணீரில் ஒரு முறை துடைத்தால் போதும். மாப் கம்பு நின்றால் தாடைக்கும் மூக்குக்கும் இடையில் வர வேண்டும். குட்டையானால் நாள் முழுக்க முதுகு வளையும். பிழியும் வாளி இல்லாமல் ஈர மாப்பைக் கையால் முறுக்கச் சொல்லும் இடங்களில் மணிக்கட்டு வலி வராமல் இருக்காது.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டர் தரும் கொட்டேஷனைப் பார்த்தாலே யார் வயிற்றில் அடிக்கப்போகிறார்கள் என்று தெரியும். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டையும் கணக்கிடும் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைப்போம். தொழிலாளியிடம் பி.எஃப். 12 சதவீதம் 1,440, ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 90. கான்ட்ராக்டர் பங்கு பி.எஃப்., அதன் இதர கட்டணங்கள் சேர்த்து 13 சதவீதம் 1,560, ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 390. ஆக, ஓர் ஆளுக்குச் செலவு 13,950. போனஸ், யூனிஃபார்ம், கையுறை எல்லாம் இதற்கு மேல். தினமும் 30 பேர் வேண்டுமென்றால், ஒருவருக்கு மாதம் 26 டூட்டி என்று வைத்து, 35 பேர் வேண்டும். இதற்கும் கீழே விலை சொல்பவர் எதையோ கட்டப்போவதில்லை. சில இடங்களில் கான்ட்ராக்டர் பங்கையும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம்.

கான்ட்ராக்ட் கைமாறும்போது இன்னொன்றும் நடக்கிறது. அதே கட்டடம், அதே ஆள், ஆனால் புது யு.ஏ.என். (பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண்), புது ஈ.எஸ்.ஐ. எண். பென்ஷனுக்கு வேண்டிய 10 வருட சர்வீஸ் துண்டு துண்டாகிவிடும். பழைய எண்ணையே தொடரச் சொல்லிக் கேட்க வேண்டும். பணம் ஏறுகிறதா என்று உமங் செயலியில் மாதாமாதம் பார்க்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறினால், பொதுவாக 5 வருடம் கேட்கும் கிராஜுவிட்டி கைக்கு வருவதே இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து, மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை முன் 1ஆம் தேதியிலிருந்து உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நேற்று நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. மாதம் 23,000 ரூபாய்க்கு அருகில் வாங்கியவர்கள், தனியாரிடம் போனால் 17,000கூடத் தேறாது என்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். அதே தெரு, அதே குப்பை, சம்பளம் மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அபார்ட்மெண்டிலோ ஆபீஸிலோ செப்டிக் டேங்க் அடைத்தால், "கொஞ்சம் இறங்கிப் பாரு" என்று ஹவுஸ்கீப்பிங் ஆளைத்தான் கூப்பிடுவார்கள். இறங்கக் கூடாது. டேங்கில் சேரும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும், 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்குபவர் மயங்கி விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார்.

செப்டிக் டேங்க், சாக்கடை உதவி எண் 14420க்கு அழைத்து உறிஞ்சும் லாரியை வரவழைக்க வேண்டும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம்; முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சாக்கடை மரணத்துக்கு இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. டேங்க் வேலை ஹவுஸ்கீப்பிங்கில் சேராது என்று கான்ட்ராக்டிலேயே எழுதி, பராமரிப்பு மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும்.