அந்த 20 பவுண்டு

"உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ரெஃபரல் வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரி நிபுணரிடம் ஆலோசனை கேட்டுப் பார்க்கிறேன்" என்றார் இன்று எங்கள் ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர்.

அம்மாவின் முழங்காலை நன்றாக அழுத்தி, மடக்கி, நீட்டிப் பார்த்தார். அதன்பிறகுதான் கணினிப் பக்கம் திரும்பினார்.

இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில், இப்படிக் கேட்கும் ஓர் ஆலோசனைக்கு ஜிபி கிளினிக்குக்கு 20 பவுண்டு தரும் திட்டம் வந்தது. காத்திருப்போர் பட்டியலைக் குறைக்கத்தான்.

திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. பதில் விரைவாக வந்தால் பலருக்கு மாதக்கணக்கான காத்திருப்பு மிச்சம்.

ஆனால் பணம் மருத்துவரின் முடிவைத் தொடும். 1991-ல் சில ஜிபிகளிடம் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பட்ஜெட்டையே கொடுத்தார்கள். மிச்சம் பிடித்ததை நோயாளிகளுக்கான மற்ற வசதிகளுக்குச் செலவிடலாம். 1999-ல் அந்த ஏற்பாடு ஒழிந்ததும், அவர்களுடைய நோயாளிகளின் அவசரமில்லாத, முன்பே திட்டமிட்ட ஆஸ்பத்திரிச் சேர்க்கைகள் 3.5 முதல் 5.1 சதவீதம் வரை கூடின என்று ஆய்வு சொன்னது.

அவர்கள் கெட்ட மருத்துவர்கள் இல்லை. மனிதர்கள்.

இந்த 20 பவுண்டைப் பற்றி நோயாளியிடமும் சொல்லுங்கள். நிபுணர் எழுதும் பதிலை எங்களுக்கும் காட்டுங்கள். வலி குறையாவிட்டால் எப்போது நேரில் அனுப்புவீர்கள் என்று ஒரு தேதி கொடுங்கள்.