கும்பகோணத்துக்காரரின் எண்

67,46,32,83,88,800. ஆறே முக்கால் லட்சம் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. தன்னைவிடச் சின்ன எண்கள் எல்லாவற்றையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்களைக் கணித மேதை ராமானுஜன் 1915 கட்டுரையில் பட்டியல் போட்டார்; அதன் கடைசி எண் இது. இதற்கு 10,080 காரணிகள். இதைவிடச் சின்ன எண் எதற்கும் அத்தனை கிடையாது.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததும் அக்கா மகளுக்கு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக வகுத்தாள். 28 வரை மீதியே வரவில்லை! 29-ல்தான் மாட்டியது.

பிரித்தால் 2 ஆறு தடவை, 3 நான்கு, 5-ம் 7-ம் இரண்டிரண்டு, அப்புறம் 11 முதல் 23 வரை பகா எண்கள் ஒவ்வொரு தடவை. பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்கு (எத்தனை தடவை என்பது) எங்கேயும் ஏறாது. ஏறினால் அந்த இரண்டு அடுக்குகளையும் இடம் மாற்றினாலே போதும், அதே அளவு காரணிகளோடு சின்ன எண் கிடைத்துவிடும். இப்படி நூறு எண்களுக்கு மேல், கணினியே இல்லாத காலத்தில், எழுதி வைத்திருக்கிறார் மனுஷன்!