கல்லில் எழுத வேண்டியது

நவம்பர் 28
குடியிருப்பு அனுமதி அட்டை வரவில்லை.

நவம்பர் 29
அம்மா அப்பாவின் கல்லறைக் கல்லைப் பற்றியே பேசினார். கல் வெட்டுகிறவர் எழுத்துக் கணக்கில் கூலி கேட்கிறாராம். பைபிளில் பவுல் தெசலோனிக்கேயருக்கு நிருபம் எழுதினாரே, அந்த ஊரிலேயே இருப்பவன், அந்த நிருபத்திலிருந்தே ஒரு வசனம் சொல்லக் கூடாதா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 2
ஆய்வகத்துக்கு நான் தினமும் நடந்து போகும் இந்தப் பல்கலைக்கழக வளாகம் யூதர்களின் இடுகாடாக இருந்தது என்பது, கிரீஸின் தெசலோனிக்கிக்கு வந்து பதினோரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களும் அவர்களுடைய சந்ததியும் அடங்கிய மண். கல்லறைகள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, 1942 டிசம்பர் 6-ஆம் தேதி, இடிக்கத் தொடங்கினார்கள். நாஜிகள் இடித்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது எல்லாருக்கும் வசதி. அனுமதி ஜெர்மானியருடையது, ஆனால் கடப்பாரை பிடித்தவர்கள் நகராட்சியின் கூலியாட்கள், இந்த நிலத்தின்மீது நகரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போருக்கு முன்பிருந்தே கண் இருந்தது. இரவு உறக்கம் பிடிக்கவில்லை.

டிசம்பர் 3
அட்டை வரவில்லை. வசனமும் கிடைக்கவில்லை.

டிசம்பர் 5
யூத அருங்காட்சியகத்தின் தரைத்தளத்தில் மீட்ட கற்களை வைத்திருக்கிறார்கள். ஒரு பாதிக் கல்லின் எபிரேய எழுத்துப் பள்ளங்களில் சாந்து இறுகிக் கிடந்தது. ஏதோ சுவருக்குள் இருந்திருக்க வேண்டும். பெயர் தொடங்கும் இடத்தில் கல் உடைந்திருந்தது. புனித டெமட்ரியோஸ் தேவாலயத்தைப் பழுதுபார்க்கவும் இந்தக் கற்கள் போயின. நடைபாதைக்கும், நீச்சல் குளத்துக்கும்கூடப் போயின. முதலில் இறந்தவர்களை அகற்றினார்கள். மூன்று மாதம் கழித்து, 1943 மார்ச் 15 அன்று, உயிரோடிருந்தவர்களை ஏற்றிய முதல் ரயில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் புறப்பட்டது. ஆகஸ்டுக்குள் 40,000-க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். பவுல் இவ்வூர் ஜெப ஆலயத்தில் மூன்று ஓய்வுநாட்கள் பேசியதை ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். இவ்வூர் யூதர்களை பைபிளின் அந்த அதிகாரத்தோடு நிறுத்திவிட்டது எங்கள் படிப்பு.

டிசம்பர் 6
மழை. வளாகத்திலுள்ள இடுகாட்டு நினைவுச்சின்னத்தின் அருகே அரை மணி நேரம் நின்றேன். புல்வெளியில் ஏழுகிளை விளக்கு, அதைச் சுற்றிச் சாய்ந்த கற்கள். 2014-இல் வைத்தது, அதாவது இடித்து 72 ஆண்டுகள் கழித்து. குடையில்லாத இரண்டு மாணவர்கள் சிரித்துக்கொண்டே அதைக் கடந்து ஓடினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பதினோரு மாதம் நானும் அப்படித்தான் கடந்தேன்.

டிசம்பர் 8
அப்பாவின் முழுப் பெயர், தாத்தா பெயர், பிறந்த ஊர், செய்த வேலை எல்லாவற்றையும் வெட்டச் சொன்னேன். எழுத்துக்கு எவ்வளவு ஆனாலும் நான் அனுப்புகிறேன் என்றேன். ஊர்ப் பெயர் எதற்கு, எல்லாருக்கும் தெரியுமே என்கிறார் அம்மா. எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

டிசம்பர் 9
கல்லில் இடம் போதவில்லையாம். வசனத்தை விட்டுவிடச் சொன்னேன்.